எந்திரம் என்று எழுதினேன்

வேலம்பாளையம் ஆசுபத்திரியில்
ஓ.பி. சீட்டு எட்டு மணிக்கு.
அவள் கம்பெனியில் சங்கு எட்டரைக்கு.
நடுவில் இருக்கிற அரை மணி நேரத்தில்தான்
குந்தலா மாஜிக்கு
உடம்புக்கு முடியாமல் போகலாம்.

போன புதனன்று வந்தாள்.
அடிவயிற்றில் கைவைத்து
‘ஜந்த்ரணா’ என்றாள்.
திரும்பவும், ‘ஜந்த்ரணா.’
என் காதில் எந்திரம் என்று விழுந்தது.
திருப்பூரில் வேறென்ன விழும்?
நிட்டிங், ஓவர்லாக், காஜா, பட்டன்,
ராப்பகலாய் அதுதானே ஓடுகிறது.
கூட வந்த காண்ட்ராக்ட் ஆள் பூபதி
போனிலிருந்து கண்ணெடுக்காமல்
‘மிசின்ல இடிச்சிருக்குமுங்க சிஸ்டர்’ என்றான்.
எழுதினேன்:
எந்திரத்தில் அடி.
டி.டி. ஊசி ஒன்று, வலி மாத்திரை ஆறு.
அவளுக்குப் பின்னால் அறுபது பேர்.

நமக்கென்றால் எத்தனை சொல்.
குத்துதா, குடையுதா, கடுக்குதா, பிசையுதா,
சுரீர்ங்குதா, விண்ணு விண்ணுனு தெறிக்குதா?
காங்கயத்துக்காரி ஒருத்தியைக் கேட்டால்
வயிற்றைப் பற்றி மட்டுமே
பொழுதுக்கும் சொல்லுவாள்.
இவள் கொண்டுவந்தது ஒரே சொல்.
அதையும் பிடுங்கி
மிசினில் மாட்டிவிட்டேன்.

இன்றைக்கு மகனோடு வந்திருக்கிறாள்.
லிங்கராஜ். மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாவது.
பேரைக் கேட்டு நம்மூர்ப் பையன் என்றே நினைத்தேன்.
‘அது மிசின் இல்லீங்க சிஸ்டர்.
வலிக்குதுன்னு சொன்னாங்க.
ரொம்ப வலிச்சாத்தான் அப்படிச் சொல்றதுங்க.’
அச்சு அசல் இந்த மண்ணின் இழுப்பு.

அடுத்த கேள்விகள் நாக்கு நுனியில் இருந்தன.
கடைசியாகத் தூரமானது எப்போது,
எத்தனை நாளாய்ப் படுகிறது,
கட்டி கட்டியாய்ப் போகிறதா.
எட்டு வயசுப் பையன்
என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்
டீச்சர் கேட்பதற்கு முன்பே
கை தூக்கிவிட்டவன் போல.

கேட்கவில்லை.
இருபது ரூபாயைக் கொடுத்து
தேங்காய் பன் வாங்கிவரத் தாட்டிவிட்டேன்.

அவர்கள் லைன் வீட்டில் பாசந்தி என்றொருத்தி,
ஆறு வருசமாய்ச் செக்கிங்கில் இருக்கிறாள்,
தமிழில் சண்டை போடவே தெரியும் என்று
பையன்தான் சொல்லியிருந்தான்.
குந்தலாவின் போனிலேயே கூப்பிட்டேன்.
கம்பெனிக் கக்கூசில் ஒளிந்து நின்று எடுத்தாள்.
பின்னால் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.
திரையை இழுத்துவிட்டு
ஸ்பீக்கரில் போட்டேன்.

இருவரும் பேசினார்கள்.
எனக்கு ஒன்றும் புரியவில்லை,
அந்த ஒரு சொல்லைத் தவிர.
நடுவில் குந்தலா அழுதாள்.
எதற்கோ ஒருமுறை சிரிக்கவும் செய்தாள்.
பிறகு பாசந்தி தமிழுக்கு வந்தாள்:
‘மூணு மாசம் நின்னுருந்துச்சு சிஸ்டர்.
இப்ப பத்து நாளாப் போகுது.
அந்த ஆளு நிக்கறப்ப எப்படிச் சொல்லுவா?’

நூற்றெட்டுக்குச் சொன்னேன்.
பெரியாசுபத்திரிக்கு எழுதும் படிவத்தில்
கணவர் பெயருக்குக் கட்டம் உண்டு,
ஆதாருக்கு உண்டு, கதவு எண்ணுக்கு உண்டு.
என்ன பேச்சுப் பேசுவாள் என்பதற்கு இல்லை.
ஓரத்தில் பாசந்தி நம்பரை எழுதினேன்.
மதியம் ஒரு மணிக்கு மேல் எடுப்பாள்.
கீழே, ஜந்த்ரணா என்றால் வலி.
பழைய சீட்டில் இருந்த எந்திரத்தை அடித்தேன்.
ஊசியை அடிக்க முடியவில்லை.

பையன் பன்னோடு வந்து நின்றான்,
ஒரு ஓரம் கிள்ளியிருந்தது.
‘அம்மா என்னங்க சொன்னாங்க?’

‘எனக்கு உங்க பேச்சு
தெரியாதே கண்ணு’ என்றேன்.