கடைசியாகத் தெரிந்த இடம்

குடியாத்தம் வனச்சரக அலுவலகம், பின்கட்டு அறை.
இரவு பதினொன்று பத்து.
திரையில் ஆறு பச்சைப் புள்ளிகள்.
ஆறு பேர் ரோந்தில் சார் என்கிறேன்.
ஆறு செட்டு என்று திருத்துகிறார் புது ரேஞ்சர்.
அதுவும் சரிதான்.
போன மாதம் ஒரு புள்ளி
சைனகுண்டா டீக்கடை பெஞ்சில்
நாலு மணி நேரம் ரோந்து போனது.

செயற்கைக்கோள் நம்மைப் பார்க்கிறது என்பது
நாலாம் நம்பர் ஜெயவேலுவின் கட்சி.
ஒதுங்கப் போனால் செட்டைக் கழற்றித்
துண்டால் மூடிவிட்டுப் போவாராம்.

அதற்குக் கண் இல்லை அண்ணா.
அது யாரையும் தேடவில்லை.
தான் இருக்கும் இடம், தன் மணி,
இரண்டையும் ஓயாமல் சொல்லிக்கொண்டு சுற்றுகிறது.
கேட்பது உங்கள் இடுப்புப் பெட்டிதான்.
குறைந்தது நாலு குரல் வேண்டும் அதற்கு.
எது எத்தனை பிந்தி வந்ததென்று கழித்துப் பார்த்து
இங்கே நிற்கிறேன் என்று அதுவே முடிவு செய்யும்.

வானத்துக்கு உங்களைத் தெரியாது.
எனக்குத்தான் தெரியும்.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை,
பேசி முடித்துக் கட்டைவிரல் எடுத்தாலும் ஒருமுறை,
குரலின் வாலில் சின்னதாய் ஒரு க்ரிக்.
அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அதற்குள்.
மலைமேல் ரிப்பீட்டர் அதை வாங்கி என்னிடம் எறியும்.
ஓடைக்குள் இறங்கிவிட்டால் எறிய ஒன்றும் இருக்காது.
தான் எங்கே என்று செட்டுக்குத் தெரியும்.
எனக்குச் சொல்லத்தான் வழியிருக்காது.

ஒன்று இருபதுக்குப் பலமநேரிலிருந்து
நாகபூஷணம் போனில்:
"தஹ்சீன், ஏனுகுலு மீ வைப்பே வஸ்தா உண்டாயி."
அவர்கள் அலைவரிசை வேறு, நம்முடையது வேறு.
யானைக்கு இரண்டும் இல்லை.

ஒன்று நாற்பத்திரண்டு.
நாலாம் புள்ளி சாம்பல் நிறமானது.
பக்கத்தில் பொடி எழுத்தில்: கடைசியாகத் தெரிந்த இடம்.

ஃபோர், ஃபோர், கண்ட்ரோல்.
ஃபோர், கண்ட்ரோல்.

இரைச்சல்கூட இல்லை.
டிஜிட்டலில் மௌனம் சுத்தமாக இருக்கும்.

பழைய புள்ளிகளை விரித்துப் பார்த்தேன்.
நூறு நூறு மீட்டராய் நடந்து வந்தவர்
கடைசி மூன்றுக்கு நடுவில் முந்நூறு விட்டிருக்கிறார்.
ஐம்பத்தாறு வயது, இடது முழங்காலில் தகடு.
ஓடியிருக்கிறார்.
எதை நோக்கி என்பதும், எதிலிருந்து என்பதும்
புள்ளியில் வராது.

ரேஞ்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
செட்டு என்று அதன்பிறகு சொல்லவில்லை.

இரண்டு முப்பது.
அலை எட்டாத நேரமெல்லாம் எழுதி வைத்திருந்ததை
செட்டு மொத்தமாகக் கொட்டியது.
இருபத்து மூன்று புள்ளிகள்,
எறும்பு வரிசைபோல் திரையில் ஊர்ந்து வந்தன:
ஓடையில் இறக்கம். எதிர்க்கரை.
எல்லைக்கோடு.
கோட்டுக்கு அப்பால் ஒரு மாந்தோப்பின் ஓரம்
பதினொரு புள்ளிகள், சிந்திய கடுகு மாதிரி.
பிறகு திரும்பி, மெதுவாக.

"கண்ட்ரோல், ஃபோர்.
வேலிக் கம்பில கரண்ட் விட்டிருந்தாங்க மா.
கொக்கிய மூங்கிலால தட்டி உட்டுட்டேன்.
ஏழு உருப்படி, ஒண்ணு குட்டி.
தாண்டுற வரைக்கும் அசையாம நின்னுட்டேன். ஓவர்."

க்ரிக்.
பச்சை.

எல்லை தாண்டினாரா என்றார் ரேஞ்சர்.
பாறைச் சரிவு சார், சிக்னல் முட்டித் திரும்பும்,
புள்ளி நாற்பது மீட்டர் தள்ளி விழும் என்றேன்.
நாற்பது வரை தள்ளுவது உண்மைதான்.
திரையில் இருந்தது முந்நூறு.
அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார்.

நாலு மணிக்கு, மற்றவர்கள் லைனில் இல்லாதபோது,
ஃபோர், அந்த இருபது நிமிஷம்
செட்டைத் துண்டு போட்டு மூடினீங்களா, ஓவர்?

பேச்சு வரவில்லை.
பொத்தானை அழுத்தி, சற்று வைத்திருந்து,
விட்டார்.

வாலில் க்ரிக் மட்டும்.