அப்பல்லோ இறங்கிய வாரம்

எங்கள் நாட்டில் இதற்குப் பெயர் அப்பல்லோ.
நிலாவில் ஆள் இறங்கிய காலத்தில்
கண்ணுக்குள் இது இறங்கியதாம்.
கடலுக்கும் காயலுக்கும் நடுவே
ஒரு முழ மணலில் நிற்கும்
கேட்டாவின் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு
ராக்கெட் தேவைப்படவில்லை.
ஒரு பென்சில் சீவி போதுமாயிருந்தது.

திங்கட்கிழமை செனியோ வந்தபோது
வலது இமை ஒட்டிக் கிடந்தது.
ஓரத்தில் பீளை, காய்ந்த கோந்து மாதிரி.
"மணல், மேடம்" என்றான்.
மணல்தான் என்று நம்ப எனக்கும் வசதியாக இருந்தது.
அந்த வாரம் பருவத் தேர்வு.

பிற்பாடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
கசக்கிய விரல். அதிலிருந்து சீவி,
முப்பத்தெட்டுப் பேருக்கு அது ஒன்றே ஒன்று.
சீவியிலிருந்து டெலாலி.
டெலாலியிடமிருந்து கால்பந்து,
அதை எல்லோரும் உதைக்கத்தான் செய்தார்கள்,
கையால் பிடித்தவன் எலிகெம் மட்டும்;
கோல் காப்பவனுக்கு அதுதானே வேலை.
எலிகெம் வீட்டில் அவனுக்கும் தங்கைக்கும் ஒரே துண்டு.
தங்கை பெயர் கெகெலி. எவே மொழியில் அது வெளிச்சம்.
புதன்கிழமை ஜன்னலுக்கு முதுகு காட்டி
"வெளிச்சம் குத்துகிறது" என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.

அதற்குள் வீடுகளில் வைத்தியம் தொடங்கியிருந்தது.
ஒருத்தி கடல்நீர் விட்டாள்.
ஒருத்தி தாய்ப்பால் பீய்ச்சினாள்.
மருந்துக்கடைக்காரர் எந்தச் சிவப்புக்கும்
ஒரே சொட்டுமருந்தை எடுத்துக் கொடுத்தார்.
ஒரு குப்பி நாலு வீடு சுற்றியது,
அதன் நுனி இமை இமையாக நலம் விசாரித்துக்கொண்டு.

நான் என்ன செய்தேன்?
தேர்வை எழுதட்டும் என்று
செனியோவைக் கடைசி பெஞ்சில்
சுவர் பார்க்க உட்காரவைத்தேன்.
"அவன் கண்ணை யாரும் பார்க்காதீர்கள்."
பதினோரு வருடம் பாடம் நடத்திய வாய் இது.

வியாழக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள்
சுகாதார நிலையத்து நர்ஸ் எஸினாம்.
ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே
வராந்தாவின் வெரோனிகா வாளியைத் திறந்தாள்.
தண்ணீர் இல்லை. அடியில் ஒரு பல்லி.
"கொரோனாவோடு இதுவும் ஓய்வு பெற்றுவிட்டதா?"
தலைமை ஆசிரியர் சட்டைப்பையில்
இல்லாத பேனாவைத் தேடினார்.

அவள் சொன்னதில் பாதி எனக்குத் தெரிந்ததுதான்.
சோப்பு. அவரவர் துண்டு.
நீர் வடிவது நிற்கும்வரை வீடு, தேர்வு காத்திருக்கும்.
குப்பிகளைப் பறித்துப் பைக்குள் போட்டாள்:
"இதில் சிலது கண்ணையே தின்றுவிடும்."
பிறகு வகுப்புக்குள் வந்து, அந்தச் சுவர் ஓரம் போய்,
தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குந்தினாள்.
செனியோவின் கண்ணையே பார்த்தாள்.
ரொம்ப நேரம். வகுப்பு மூச்சை அடக்கியது.
"பார்த்தால் ஒட்டாது. தொட்டால்தான்."
என் பக்கம் அவள் திரும்பவில்லை.
திரும்பியிருக்கலாம்.

பதினான்கு பேர் வீட்டுக்குப் போனார்கள்.
எடோர்னம் மட்டும், கணக்குத் தேர்வுக்குப் பயந்து,
சிவந்த கண் ஒன்று கடன் கிடைக்குமா என்று
கைக்குட்டையோடு தெருத்தெருவாக அலைந்தான்.
அவனுக்கு வரவேயில்லை, பாவம்.

மறுவாரம் எனக்கு வந்தது.
காலையில் இமையைச் சுடுநீரில் நனைத்துத்தான்
உலகத்தைத் திறக்க முடிந்தது.
திரையை இழுத்துவிட்டுக் கிடந்தேன்.
யாரும் வராதது நிம்மதியாகவும் இருந்தது,
நிம்மதியாக இல்லாமலும் இருந்தது.

சாயங்காலம் வேலிக்கு வெளியே கூப்பிடும் சத்தம்.
செனியோ. கண் இரண்டும் முட்டை வெள்ளை.
நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பழக்கதோஷம்.
அவன் நகரவில்லை.
இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு,
நான் திரும்பும்வரை நின்று,
நேராக என் கண்ணைப் பார்த்துச் சொன்னான்:

"இன்றைக்கு ஒன்பது பேர் வரவில்லை, மேடம்.
உங்களோடு பத்து.
வாளியில் தண்ணீர் இருக்கிறது."