பதினொரு பேர்

முப்பத்தெட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள்.
வந்தது பதினொரு பேர்.
மற்றவர்கள் நல்ல புத்தியோடு
போர்வைக்குள் கிடந்தார்கள்.

இரவு பிடித்த மழை.
வவுனிக்குளம் வான் பாய்கிற இரைச்சல்
சந்தி வரைக்கும் கேட்கிறது.
சனசமூக நிலையத்துக்குக் கூரை போடக்
காசு சேர்க்கிற ஓட்டம் இது.
அந்தக் கூரையில்லாத கட்டடத்துக்குள்தான்
எங்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார் திலகேந்திரன்.
முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வெள்ளைத் துணியில் மாக்கரால் எழுதிய இலக்கம்.
எனக்கு இருபத்தேழு.
நெஞ்சில் குத்தும்போதே
ஏழு வழியத் தொடங்கிவிட்டது.
முகாமிலும் எனக்கு ஓர் இலக்கம் இருந்தது.
அது இவ்வளவு இலேசில் அழியவில்லை.
சொல்லவேண்டுமென்று இல்லை,
சட்டைப்பின் விரலில் ஏறியபோது
நினைவு வந்தது.

விசிலுக்குள் தண்ணீர்.
ஊதியது ஒருவருக்கும் கேட்கவில்லை.
மதுசிகன் ஓடியதைக் கண்டு
நாங்களும் ஓடினோம்.

சப்பாத்து மகளுடையது, அரை அளவு சின்னன்.
குளக்கட்டில் காற்று
பக்கவாட்டில் வந்து தோளில் இடிக்கிறது,
பஸ்ஸில் இடம் பிடிக்கிற ஆளைப்போல.
நடுவில் படுத்திருந்த மாடுகள் எழும்பவில்லை.
நாங்கள்தான் சுற்றிப் போனோம்.

கட்டிலிருந்து இறங்கி
கிறவல் றோட்டுக்கு வந்ததும்
குழி எது, றோட்டு எது
காலை வைத்தால்தான் தெரியும்.
இளசுகள் கண்ணுக்குத் தெரியாத தூரம்.
நானும் அகிலேஸ்வரியும் கடைசி.

அவள் திடீரென்று நின்றாள்.
அவளுடைய ரெண்டு ஏக்கர்.
"குடலை மூழ்கப்போகுது, எல்லாம் சப்பியாய்ப் போயிடும்."
நெஞ்சில் முப்பத்தொன்று குத்தியபடியே
வரம்பில் குந்தி, வெறுங்கையால்
வக்கடை வெட்டத் தொடங்கினாள்.
நானும் இறங்கினேன்.
நாலு கை, களி, புல்வேர்.
தண்ணீர் ஒரு விரல் வழி கண்டு
பிறகு தானே வழியைப் பெருப்பித்துக்கொண்டது.
"நீ ஓடு" என்றாள்.
"ரெண்டு பேரும் நிண்டா ஆர் ஓடுறது?"

பின்னால் லாண்ட்மாஸ்டர்.
ஏலாதவர்களை ஏற்ற.
பெட்டிக்குள் ஒரு நேர்ஸ், ஒரு வாழைக்குலை.
"ஏறுங்கோ அக்கா."
மாட்டன் என்றேன்.
"எனக்குக் குளிருது அக்கா, தயவுசெய்து ஏறுங்கோ"
என்றான் கஜமுகன்.
மாட்டன்.
அரைக் கட்டை தூரம்
அந்த டக்டக் சத்தம்
முதுகுக்குப் பின்னாலேயே வந்தது.
பிறகு ஓர் உறுமல். பிறகு ஒன்றுமில்லை.
சேற்றில் புதைந்துவிட்டது.

அதற்குப் பிறகு என்னைத் துரத்த ஒருவரும் இல்லை.
மழை இருந்தது,
மூச்சு இருந்தது,
சப்பாத்துக்குள் சளக் சளக் என்று தண்ணீர் இருந்தது.
நாற்பத்து மூன்று வயதில்
என் கால்களை
எதற்கும் அவசரமில்லாமல்
முதன்முறை கேட்டேன்.

பள்ளிக்கூடத்தடியில் கயிறு கட்டியிருப்பதாகச் சொன்னார்கள்.
கயிறு இல்லை. ஆட்களும் இல்லை.
இன்னும் தள்ளித்தான் போலும் என்று ஓடினேன்.
கோயில் போனது.
அரிசி ஆலை போனது.
பாலைமரத்தடியில்
ஒரு பொடியன் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து மறித்தான்:
"அக்கா, எப்பவோ முடிஞ்சுது!
கயித்தைக் காத்துக் கொண்டு போட்டுது.
எல்லாரும் சைக்கிள் கொட்டிலுக்குள்ள நிக்கினம்."

கொட்டிலுக்குள் பிளேன்ரீ, நனைந்த பணிஸ்.
நேரம் எழுதிய கொப்பி கரைந்துபோய்
முதலாவது யார் என்பதில்கூடச் சண்டை.
பத்தாவது யார் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

சேர்ந்த காசுக்கு நாலு தகரம் வரும் என்றார் திலகேந்திரன்.
பேப்பர் மேசைக்கு மேலே போடுவோம் என்றது ஒரு குரல்.
இல்லை, கரம்போட்டுக்கு மேலே.
மூன்றாவது கோப்பையில்
வாக்குவாதம் சூடேறியபோது
முழங்கால்வரை களியோடு
அகிலேஸ்வரி நடந்து வந்தாள்.
தண்ணீர் இறங்குதாம்.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டாள்.
கயிறு இல்லை என்றேன்.
"அப்ப நான் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறன்"
என்று
என் பணிஸில் பாதியைப் பிய்த்தாள்.