அட்டை

இரவு இரண்டரை. டிக்கோயா ஆஸ்பத்திரி.
மழையோடு ஆட்டோவிலிருந்து இறக்கினார்கள்.
முழங்கை மடிப்பில் சீழ், பல்லில் குளிர்.
பெயர் கேட்டேன்.
"எந்தப் பெயர் மிஸ்?"
விதுஷன் என்று எழுதிக்கொண்டேன்.

கீறிக் கட்டிய பிறகு
இன்னும் ஒரு குப்பி ரத்தம் கேட்டேன்,
ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்கும்
மற்றதற்கும்.
"பொலிசுக்கா?"
இல்லை.
"தோட்டத்து ஒபிசுக்கு?"
இல்லை. உனக்கு.
அதற்கு அவனிடம் அடுத்த கேள்வி இல்லை.

மூன்று இடம் குத்தினேன். நரம்பு சிக்கவில்லை.
"அது செத்துப்போச்சு மிஸ். இதுவும்."
புறங்கையைத் திருப்பி
கட்டைவிரல் ஓரம் தானே தட்டிக் காட்டினான்:
"இத மட்டும் தொடாம வச்சிருந்தேன்."
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

குப்பி நிறைந்தபோது சிரித்தான்.
"மலைக்குப் போனா அட்டையும் இப்பிடித்தான் எடுக்கும்,
ஊர்பேர் கேக்காது."

நான் கொடுத்ததும் அட்டைதான். மஞ்சள்.
வியாழன், காலை ஒன்பது.
கிருமி இருந்தால் மாத்திரை உண்டு, ஊசி இல்லை என்றேன்.
இரண்டாய் மடித்தான்,
சட்டையில் நனையாத இடம் தேடினான்.

இன்று புதன்.
நோர்வூட் பாதையில் மண் சரிவாம், பஸ் ஓடாதாம்.
முடிவு வந்துவிட்டது.
கோப்பின் அடியில் கிடந்த தாளை
மேலே எடுத்து வைத்திருக்கிறேன்.