ஆம் / இல்லை

விடியுமுன் மஸ்கெலியாவில் இறங்கினேன்.
ஆட்டோவுக்கு ஆள் சேரவில்லை, நடந்தேன்.
தோட்டப் பாடசாலை வாசலில் சப்பாத்தைக் கழற்றினால்
ஓர் அட்டை
குடித்து முடித்து உருண்டு விழுந்தது.
அன்றைக்கு நான் எண்ணிய முதல் அட்டை.
பிறகு வந்தவை எல்லாம்
அடையாள அட்டை, வாக்காளர் அட்டை.

கழுத்தில் ‘பார்வையாளர்’ என்று தொங்கியது.
சம்பளமில்லை. ஒரு சோற்றுப் பார்சல், பஸ் காசு,
மூன்று மொழியில் ஒரு படிவம்.
பேசக் கூடாது, தொடக் கூடாது,
தலையாட்டவும் கூடாது என்று
ஹட்டனில் இரண்டு மணிநேரம் பேசினார்கள்.
பஜாரில் ரீலோட் கடை எனக்கு.
பேசியே பிழைப்பவள்.

இரண்டாம் வகுப்பு அறை.
கரும்பலகையில் யாரும் அழிக்காத கழித்தல் கணக்கு.
அதன் கீழே மட்டைப்பெட்டி மறைப்பு,
நூலில் கட்டிய பேனை.
சின்னக் கதிரைகளில்
முழங்கால் தாடையில் இடிக்க
சல்லடைச் சின்னத்தின் முகவர் தவசீலன்,
உரல் சின்னத்துக்கு இராசகிளி.
போன கிழமை சாராயக்கடை வாசலில்
சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள்
ஒரே பிளாஸ்க்கில் தேத்தண்ணி குடித்தார்கள்.

அரை நாள் பேருக்குக் கொழுந்தெடுத்துவிட்டு
பெண்கள் மலை இறங்கினார்கள்.
இடுப்புப் படங்கை வேலியில் போட்டுவிட்டு
விரலை நீட்டினார்கள்.
கொழுந்துக் கறைக்கு மேல் மை தெரிகிறதா என்று
உத்தியோகத்தர் குனிந்து குனிந்து பார்த்தார்.

பதினொன்று பத்துக்கு வரிசை நின்றது.
அட்டையில் முத்துக்கறுப்பாயி.
பட்டியலில் முத்துகுருபாயி.
எங்கோ ஒரு மேசையில் யாரோ
காதால் கேட்டதைக் கையால் கெடுத்திருந்தார்கள்.
தலைமை அதிகாரி அபேகோன்
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
உடைந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்:
“இது வேற பேர்தானே, அம்மா.”

“பேருதாங்க வேற. ஆளு நாந்தான்.”

எனக்கு அவளைத் தெரியும்.
கட்டாரிலிருக்கும் மகனோடு பேச
சம்பளத்துக்குச் சம்பளம் நூறு ரூபாய் போட வருவாள்.
அவள் பிறந்தபோது அவள் அப்பன்
எந்த நாட்டுப் பட்டியலிலும் இல்லை.
அதை எழுத்துப்பிழை என்று அப்போது எவரும் சொல்லவில்லை.
என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
பேனையை இறுக்கிப் பிடித்தேன்.

அபேகோன் முகவர்கள் பக்கம் திரும்பினார்.
இராசகிளி எழுந்தார்.
கதிரையும் அவரோடு எழுந்து
பிறகு விழுந்தது.
“எனக்குத் தெரியும் சேர். எட்டாம் நம்பர் லயம்.
எங்களுக்குப் போடமாட்டா,
போன தடவையும் போடல.
ஆனா ஆள் இவதான்.”

யாரோ சிரித்தார்கள்.
தவசீலன் சிரிக்கவில்லை,
பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.
மறைப்புக்குக் கீழே
சேறு காய்ந்த இரண்டு கால்கள்.
ஒரு கால் மற்றதைச் சொறிந்தது.
புள்ளடி ஒன்று போட
இவ்வளவு நேரமா என்று யாரும் கேட்கவில்லை.

பதினான்காம் கேள்வி:
முறைகேடு ஏதும் இடம்பெற்றதா? ஆம் / இல்லை.
‘இல்லை’யில் கீறினேன்.
ஓரத்தில் இடம் இருந்தது. எழுதினேன்:
11.10, ஒரு கதிரை விழுந்தது.

நாலு மணிக்குக் கதவைச் சாத்தி
உள்ளே எண்ணத் தொடங்கினார்கள்.
வெளியே பனி இறங்கி
பாடசாலைப் பெயர்ப்பலகையை
பாதி எழுத்தோடு விட்டிருந்தது.

பஸ் வளைவில் அவள் நின்றாள்.
“ஏம்புள்ள, அங்க ஊமையாட்டம் ஒக்காந்திருந்த?”
பதில் வருமுன் என் கையைப் பிடித்தாள்.
“வெரலக் காட்டு.”

என் ஓட்டு கொட்டகலையில்,
இரண்டு பஸ் தூரத்தில்,
நாலு மணியோடு முடிந்திருந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
தன் விரலை என் விரலில் வைத்து
அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள்.
நல்ல மை.
கொஞ்சமும் ஒட்டவில்லை.