மற்றவை

டீசல் ஜெனரேட்டரைத் தூக்கிப் போனார்கள், செவ்வாயன்று.
அது நின்ற இடத்தில்
எந்த வரைபடத்திலும் இல்லாத தீவாய்
ஓர் எண்ணெய்க் கறை.

தெங்காவில், இன்னும் மாடி முளைக்காத மனை.
புதிய பெட்டி வெள்ளை வெளேரென்று நிற்கிறது.
உறுமவில்லை, புகையவில்லை.
இரவுக் காவல் அஸ்மானுக்குத்தான் கஷ்டம்:
"சத்தம் நின்றதிலிருந்து தூக்கமே இல்லை, மிஸ்."
காவலாளி தூங்கக் கூடாது என்பது
எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் சிலிண்டர் மாற்ற வருகிறவள்.
ஜூரோங் தீவிலிருந்து லாரி,
லாரியோடு ஒரு ரசீது.
நிறமில்லை மணமில்லை சுவையில்லை என்று
உயர்நிலை இரண்டில் மனப்பாடம் செய்த ஹைட்ரஜன்
ரசீதில் மட்டும் நிறத்தோடு வருகிறது:
பச்சை, நீலம், சாம்பல்.
இன்றைக்குச் சாம்பல்.
கடலடிக் குழாயில் வந்த எரிவாயுவைப் பிளந்து எடுத்தது.
கரி அங்கே போயிற்று, சுத்தம் இங்கே வந்தது.
வேலித் தகரத்தில் என்னவோ
பச்சை இலைதான் வரைந்திருக்கிறார்கள்.

பச்சையும் வரும் என்கிறார் மிஸ்டர் கோ,
கப்பலில் வரும், அம்மோனியா வேடம் கட்டி,
வெயில் மிகுந்த ஏதோ ஒரு தேசத்திலிருந்து.
வெயில் நமக்கும் உண்டு.
விரித்துப் பிடிக்க இடம்தான் இல்லை.

பயிற்சி நாளில்,
பகலில் கண்ணுக்குத் தெரியாத அந்தத் தீயை
விளக்குமாறு கேட்டேன்.
விளக்குமாறு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.
நீட்டிக்கொண்டே நட.
நுனி பற்றினால் நில்.
நடந்தேன். வெறும் காற்றில்
ஈர்க்குகள் திடீரென்று சிவந்தன.
அன்றிலிருந்து
எதுவுமே இல்லாத இடத்தைக் கண்டால்
கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறேன்.

பெட்டி கழிப்பது தண்ணீர் மட்டும்.
பின்பக்கக் குழாயில் சொட்டு, சொட்டு.
தண்ணீருக்கு ஒப்பந்தம் எழுதிய ஊரில்
அதைத் தரையில் விட அஸ்மானுக்கு மனம் வரவில்லை.
பெயின்ட் வாளி ஒன்றை வைத்தார்.
பிள்ளை பரீட்சையில் தேறிய சேதிபோல
விடியற்காலை போன் செய்தார்:
"பாதி வாளி, மிஸ்!"

பிறகு மூவாரில் அவர் மகளுக்குக் கல்யாணம்.
பத்து நாள் விடுப்பு.
வாளியை யாரும் கவிழ்க்கவில்லை, நான் உட்பட.

கொசு ஆய்வாளர் டார்ச் அடித்தார்.
உள்ளே மூன்று புழுக்கள்,
நீந்தும் கேள்விக்குறிகள்.
"இந்தத் தண்ணீர் எங்கிருந்து?"
ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் என்று தொடங்கினேன்.
கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார்:
மழை. குழாய்க் கசிவு. பூந்தொட்டி. மற்றவை.
மற்றவை என்பதைத் தொட்டேன்.
மற்றவைக்கும் அபராதம் அதே தொகைதான்.

அவர் போன பின் குனிந்து பார்த்தேன்.
பச்சையா சாம்பலா என்று
அவை யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.
தண்ணீர் என்று நம்பியிருக்கின்றன, அவ்வளவுதான்.

எண்ணெய்க் கறைமேல் வாளியைக் கவிழ்த்தேன்.
நீர் கறையில் ஒட்டாமல்
முத்து முத்தாய் உருண்டு விலகியது.
குழாய் நுனியில் அதற்குள்
அடுத்தது திரண்டிருந்தது.