தட்டின் எடை

கம்பெனிச் சுவரில் புதுசாய் ஒரு தாள்.
பிளாஸ்டிக் உறை போட்டு
குளோரின் தண்ணி தெறிக்காத உயரத்தில்
ரூபன் சார் ஒட்டியிருக்கிறார்:
"தினமும் ஒரு சதவீதம் உயர்ந்திடு."
எழுத்துக்கு மேலே ஒரு மலை.
உச்சியில் ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.
மண்டபத்தில் மலை ஏது?
இங்கே உயரம் என்றால் பாம்பன் பாலம்தான்,
அதன் கைப்பிடியில் ஏறி நின்றால் போலீஸ் வரும்.

எட்டரைக்கு முதல் கூடை.
ஆவியில் வெந்து சிவந்து
ஐஸில் புதைந்து குளிர்ந்த நண்டு.
ஓடு கழற்றி, செவுள் வழித்து,
முதுகுச் சதை ஒரு தட்டு
கால் சதை ஒரு தட்டு
நகத்துச் சதை உடையாமல் தனித் தட்டு.
உடைந்தால் பாதி விலை.
பத்தரைக்குள் விரல் நுனி மரத்துவிடும்.
அப்புறம் நண்டை அறிவது
கண்ணா கையா என்று எனக்கே தெரியாது.

என் அளவு நாளைக்கு நாலு கிலோ இருநூறு.
நான் சொல்லவில்லை, நோட்டு சொல்கிறது.
அதில் ஒரு சதவீதம் நாற்பத்திரண்டு கிராம்,
ஒரு நண்டின் சதைக்கும் கொஞ்சம் குறைவு.
முடியாதா என்ன.
திங்கள் முடிந்தது. செவ்வாய் முடிந்தது.
புதன் டீ குடிக்கப் போகவில்லை.
வியாழன் மூத்திரத்தை அடக்கினேன்.
வெள்ளிக்கிழமை பவளக்கொடி ஏதோ சொல்லிவிட்டு
அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்,
என்னவென்று கேட்க நேரமில்லை.
சனிக்கிழமை
கத்தி கட்டைவிரலில் இறங்கியது.

ராத்திரி, துணி சுற்றிய விரலோடு
ஆன்றோவிடம் கேட்டேன்:
இப்படியே ஒரு வருஷம் போனால் எவ்வளவு வரும்?
பதினொன்றாம் வகுப்பு, கணக்குப் பிரிவு.
போனில் தட்டிப் பார்த்தான், மறுபடி தட்டிப் பார்த்தான்.
"நூற்று ஐம்பத்தெட்டு கிலோம்மா."
"வருஷத்துக்கா?"
"ஒரு நாளைக்கு."
நாங்கள் சிரித்த சிரிப்பில்
எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது.
இந்தக் கடலையே வழித்து எடுத்தாலும்
என் ஒருத்திக்கே நண்டு போதாது.
அதுவும் சித்திரை பிறந்தால்
விசைப்படகையெல்லாம் கட்டிப்போட்டு
கடலுக்கே அறுபத்தொரு நாள் லீவு.
அதை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை.

சிரித்து ஓய்ந்ததும் அவன் கேட்டான்:
"எடை தட்டோட சேர்த்தாம்மா?"
"தட்டுக்கு இருநூறு கழிச்சுருவாங்க."
"தட்டு இருநூறு இருக்குமா?"
ஒன்பது வருஷம்.
தட்டைத் தூக்காத நாள் இல்லை.
பதில் தெரியவில்லை.

திங்கள்கிழமை தராசு முன்னால்
வரிசை என் முறைக்கு வந்தபோது
வெறும் தட்டை வைத்தேன்.
சிவப்பு எண் ஓடித் தடுமாறி நின்றது:
நூற்று அறுபத்தைந்து.
நண்டு ஓட்டை எடுத்த வாய்தான்,
ஆனால் ஓடு தொண்டையில் சிக்கியதுபோல் இருந்தது.
"சார், இருநூறு எந்தத் தட்டோட எடை?"
ஐஸ் மிஷின் மட்டும் கடகடத்தது.
"அது... பழைய தட்டு. கனமான தட்டு."
"பழைய தட்டு போயி மூணு வருஷம் ஆச்சே,"
பின்னாலிருந்து நூர்ஜகான்,
என்னைவிடச் சத்தமாக.

அவர் பதில் சொல்லவில்லை.
நோட்டில் இருநூறை அடித்து
நூற்று அறுபத்தைந்து எழுதினார்,
பென்சிலால்.

தட்டுக்கு முப்பத்தைந்து. மூன்று தட்டு.
நூற்று ஐந்து கிராம்,
ஒரே நாளில் இரண்டரை சதவீதம்.
அந்த மலைக்காரன் இதைக் கேட்டால் கையை இறக்கியிருப்பான்.
மூன்று வருஷத்து முப்பத்தைந்துகளை
யாரும் பேசவில்லை. நானும் இன்னும் பேசவில்லை.
பேச வேண்டிய வாக்கியத்தை
பஸ்ஸில் வரும்போது மட்டும் சொல்லிப் பார்க்கிறேன்,
வேதாளை நிறுத்தம் வரைக்கும்.

விரல் ஆறிவிட்டது.
பத்தரைக்கு டீக்குப் போகிறேன்.
பவளக்கொடியிடம் கேட்டேன்,
அன்னைக்கு வெள்ளிக்கிழமை
என்னடி சொல்லிச் சிரிச்சே?
கிளாஸை ஊதிக்கொண்டே யோசித்தாள்.
"மறந்துபோச்சுக்கா," என்றாள்.